நாலாவது கழுவல்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இன்னும் இரண்டு கட்டை தூரம் இருந்தது. பாதையில் பஸ் ஒன்றும் ஓடவில்லை. வத்தேகமயில் நான் சாமான் நிறுத்துக் கொடுத்த கடை முதல் நாள் பிற்பகலே எரிந்துவிட்டது. முதலாளி குடும்பத்தோடு பொலிஸ் நிலையத்தில் இருந்தார். என் கையில் ஒரு சாரமும் இரண்டு சேட்டும் இருந்தன. பன்விலப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பியிருக்கலாம். அங்கே லயத்து அறையில் அப்பா இருந்தார், படுக்க இடமும் இருந்தது. ஆனால் ஒன்பதாம் வகுப்போடு மலையை விட்டு இறங்கியவனுக்கு மறுபடி ஏற மனம் வரவில்லை. கீழ்நோக்கி நடந்தேன்.

எதிரே ஒரு சிங்களக் கிழவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார். வேலை தேடிப் போகிறேன் என்றேன்.

"இன்றைக்கா?" என்றார்.

"நேற்றுத்தான் வேலை போனது" என்றேன்.

அவர் சைக்கிளை நிறுத்தி, சந்தியில் ஆட்கள் நிற்கிறார்கள், ரயில் பாதையால் போ என்று கையைக் காட்டினார். ரயில் பாதையால் போனேன். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தைப் பற்றி நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மற்றவர்களுக்கு இதைவிட மோசமாக நடந்தது.

நான் கடைசியாக வேலை பார்த்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் போன வருடம் புதுக் கருவி ஒன்றை இறக்கினார்கள். கையால் செய்த பல காரியங்களை இனி அது செய்யும். என்னோடு இருந்த பிள்ளைகள், "அண்ணே, நீங்க எப்படி இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று அப்போதெல்லாம் கேட்பார்கள். படித்து வந்தேன் என்று நினைத்தார்கள் போலும். நான் ஒரு பிழை செய்து வந்தேன். அதை எழுதுகிறேன்.

பாலம் கடந்த பிறகு எட்டு வருடங்கள் பல இடங்களில் கழிந்தன. ஒரு பேக்கரியில் மாப்பிசைந்தேன். தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றும் லொறியில் கிளீனராக இருந்தேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் இரண்டு வருடம் தேநீர் ஆற்றினேன். எங்கும் நிலைக்கவில்லை. சில இடங்களில் என்னை அனுப்பினார்கள், பல இடங்களில் நானே எழுந்து வந்தேன். கடைசியில் மறுபடியும் கட்டுகஸ்தோட்டையில், ஆற்றோரம் இருந்த பழைய போத்தல் கடையில் சேர்ந்தேன். கித்துள் மரத்துப் பாணி விற்பவர்களும் வினாகிரிக்காரர்களும் வந்து வாங்குவார்கள். கழுவி அடுக்குவது என் வேலை.

ஒரு நாள், முழுக்கைச் சேட்டை மணிக்கட்டு வரை பூட்டிய மெலிந்த மனிதர் ஒருவர் வந்து பெரிய வாய் வைத்த போத்தல்கள் கேட்டார். ஒன்றை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்து, வானத்துக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்பினார்.

"இத யாரு கழுவின?"

"நான்தாங்க."

"எத்தன தரம்?"

"நாத்தம் போற வரைக்கும்."

"நாத்தம் போனா அழுக்குப் போன மாதிரியா? இங்க பாருங்க, இந்த எடத்துல தண்ணி சொட்டுச் சொட்டா நிக்கிது. அழுக்கில்லாத கண்ணாடில தண்ணி ஒரே தாளாத்தான் வழியும்."

பன்னிரண்டு போத்தல் வாங்கினார், மூன்றைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மூன்றையும் நான் அன்று பின்னேரம் தண்ணீர் தாளாக வழியும் வரை தேய்த்தேன். ஏன் என்று தெரியாது. இரண்டு வாரம் கழித்து அவர் வந்தபோது அவற்றைக் காட்டினேன். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவர் ஹனீபா சேர். அக்குரணையிலிருந்து தினமும் வருபவர். கண்டிக்கு வெளியே ஆற்றுக்கு மேலே மேட்டில் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்ப அலுவலர்களுக்குத் தலைவர். அந்த இடத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என்னை அங்கே கண்ணாடி கழுவத் தற்காலிக ஆளாக, அமைய வேலைக்காரனாக, எடுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கடிதம். தங்குவதற்குக் கட்டிடத்தின் பின்னால் ஓர் அறை.

கண்ணாடி கழுவும் முறை இது. முதலில் பாவித்த எல்லாவற்றையும் அழுத்த அடுப்பில் வைத்துக் கிருமியைக் கொல்ல வேண்டும். பிறகு சவர்க்காரம், தூரிகை. குழாய்த் தண்ணீரில் ஆறு முறை. கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் மூன்று முறை. அந்த நீரில் உப்பு இல்லை, சுண்ணாம்பு இல்லை, ஒன்றுமே இல்லை. கண்ணாடியில் மிச்சம் இருப்பதை எல்லாம் அது கொண்டுபோய்விடும். பிறகு கவிழ்த்துக் காய வைப்பது. ஹனீபா சேர் ஒவ்வொன்றாக ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிழை இருந்தால் திட்டமாட்டார். எடுத்த பொருளை மறுபடி தொட்டிக்குள் வைப்பார், அவ்வளவுதான். ஒரு வெள்ளிக்கிழமை நாற்பது பிளாஸ்க்குகளையும் ஒன்றன் பின் ஒன்றாகத் தொட்டிக்குள் வைத்துவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை. காய்ச்சி வடித்த நீர் காட்டாமல் ஒரு கண்ணாடித் துண்டையும் நான் அலுமாரியில் வைத்ததில்லை.

ஐந்தாம் வருடத்தில் கிருபா மிஸ் வந்தார். சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை. இடம்பெயர்ந்து, படித்து, இரண்டு வருட உதவித்தொகையோடு ஆய்வுக்கு வந்தவர். தாய் வவுனியாவில் ஒரு முகாமில். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில், பொலிஸ் பதிவைக் கிழமைக்குக் கிழமை நீட்டிக்கொண்டு. தொட்டியடியில் நான் நிற்கும்போது மிஸ் வந்து பேசுவார். பேசுவதற்கு அங்கே வேறு தமிழர் குறைவு.

"என்ன செய்யிறீங்க மிஸ், நாள் முழுக்க அந்தக் குழாயப் பாத்துக்கிட்டு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மரக்கறித் தோட்டத்தில பூச்சிமருந்து அடிக்கினமெல்லோ அண்ணை. அது ஓடைத் தண்ணிக்குள்ள போகுது. அந்த நஞ்சை வெட்டிப் போடுற புரதம் ஒண்டு இருக்கு. அதை பக்டீரியாவுக்குள்ள செய்விக்கலாம். ஆனா நஞ்சு சுவரைக் கடந்து உள்ள போகாது. புரதம் வெளியில வராது. அதுதான் பிரச்சினை."

"அப்ப?"

"நங்கூரப் புரதம் எண்டு ஒண்டு. பக்டீரியாவின்ர சுவரிலயே இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது. அதின்ர தலையில எங்கட புரதத்தை ஒட்டிவிட்டா, அது வெளிப்பக்கம் நிக்கும்."

"நங்கூரம்னா?"

"கப்பலை நிப்பாட்டுறது."

"கப்பல நான் கண்டதில்ல மிஸ்."

சிரித்தார். "சரி. கடைக்குள்ள வாழைக்குலை இருக்கு. ஆக்களுக்கு உள்ள வர ஏலாது. நீங்கள் என்ன செய்வியள்? வாசலில ஒரு கொழுக்கி அடிச்சு, குலையை வெளியில கொழுவுவியள். அந்தக் கொழுக்கிதான் நங்கூரம்."

அது விளங்கியது. வத்தேகமயில் காலையில் என் முதல் வேலையே அதுதான்.

பரிசோதனையும் எளிமையானது. பக்டீரியாவின் உயிரணுக்களை, அவர்கள் பேச்சில் கலங்களை, கழுவி நஞ்சுக் கரைசலில் இரண்டு துளி சேர்ப்பார். நஞ்சு வெட்டுப்பட்டால் குழாய் மஞ்சளாகும். ஒன்றரை வருடமாக அது நிறமில்லாத தண்ணீராகவே இருந்தது. குலை வாசலுக்கு வரவில்லை. கொழுக்கிகளைக் கூட்டக் கூட்டச் சுவர் பலவீனமாகி, கலங்கள் தொட்டால் உடையத் தொடங்கின. அதனால் கழுவும் உப்புக் கரைசலில் சீனி சேர்த்தார்கள். வெளியிலும் அடர்த்தி இருந்தால் உடையாதாம். அதைச் சீனி பஃபர் என்பார்கள்.

கலம் உடைந்தால் உள்ளே இருக்கும் புரதம் வெளியே கொட்டும், அப்போதும் குழாய் மஞ்சளாகும். அதனால் ஹனீபா சேர் ஒரு விதி வைத்திருந்தார். சென்ட்ரிபியூஜில், அதாவது வேகமாகச் சுழற்றும் இயந்திரத்தில், வைத்தால் கலங்கள் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்து நஞ்சோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மேல்தண்ணீர் மஞ்சளானால் புரதம் கொட்டியிருக்கிறது, அந்த நாள் வேலையை வீச வேண்டும். மேல்தண்ணீர் பார்க்காத எதையும் அவர் கொப்பியில் ஏற்ற விடமாட்டார்.

கிருபா மிஸ் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு நாள் ஐஸ் பெட்டியில் குழாய்களோடு இன்னோர் ஆய்வுகூடத்துக்குப் போனோம். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் மிஸ்ஸின் அடையாள அட்டையைப் பார்த்தான், பிறகு பெட்டியைத் திறந்தான். இது என்ன என்றான். நான் மருந்து என்று சொல்ல வாயெடுத்தேன். மிஸ் முந்திக்கொண்டு சிங்களத்தில், "பக்டீரியா" என்றார். அவன் பின்னால் நகர்ந்து பெரியவனைக் கூப்பிட்டான். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றோம். ஐஸ் உருகிவிட்டது.

"மருந்துன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பானே மிஸ்" என்றேன்.

"எந்த மருந்து எண்டு கேட்டிருந்தா?" என்றார்.

உதவித்தொகை முடிய இரண்டு மாதம் இருந்தபோது வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. நங்கூரம் வேலை செய்கிறது என்று காட்டினால் மிஸ்ஸை எடுத்துக்கொள்வார்கள். அந்த மாதக் கடைசி வெள்ளிக்குள் முடிவு அவர்களுக்குத் தொலைநகலில், பேக்ஸில், வர வேண்டும். போனால் தம்பியையும் கூப்பிடலாம் என்று மிஸ் நம்பினார். போகாவிட்டால், உதவித்தொகையும் இல்லை, வடக்குக்குப் பாதையும் இல்லை.

அந்த நேரத்தில்தான் கண்டி நகரத்தில் குண்டு வெடித்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். நகரத்தில் தமிழ்க் கடைகள் சிலவற்றை உடைத்தார்கள். மிஸ்ஸை அவருடைய போர்டிங் வீட்டு அம்மா வெளியே விடவில்லை. ஹனீபா சேர் அக்குரணையில் மாட்டிக்கொண்டார். கட்டிடத்தில் நானும் வாசலில் காவல்காரரும் மட்டும். முதல் நாள் மிஸ் வளர்க்க வைத்த கலங்கள் ஆட்டும் இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. காலை ஒன்பது மணிக்குத் தாழ்வாரத்துத் தொலைபேசி அடித்தது, ஹனீபா சேர்.

"முத்தையா, கரண்ட் ஈக்கா?"

"இருக்குது சேர்."

"கலம் இன்னம் ஆடினா செத்துப் போகும். இன்னொரு தரம் வளக்க நாள் கெடைக்குமோ தெரியா. நீங்க பாத்திருக்கீங்க தானே நாங்க கழுவுறத?"

"பாத்திருக்கேன் சேர்."

"பதினொன்டுக்கு நிப்பாட்டுங்க. சென்ட்ரிபியூஜ்ல பத்து நிமிசம், குளிர்ல. மேல்தண்ணிய ஊத்திப்போட்டு சீனி பஃபர்ல மெதுவாக் கரைங்க. நுரை வரப்படாது. இப்பிடி மூனு தரம். பொறகு ஐஸ்ல வைங்க. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். பிழையில்லாமல் சொன்னேன்.

ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்த மேசையில் நின்றேன். கையுறை போட்டேன். சுழற்றி எடுத்தபோது கலங்கள் குழாயின் அடியில் பால்பழுப்பாக, கஞ்சி ஆறிப் படிந்ததைப் போல ஒட்டியிருந்தன. குளிர்ந்த பஃபரை விட்டு, உறிஞ்சி விடும் குழாயால் மெல்ல மெல்லக் கரைத்தேன். ஒரு குமிழி வரவில்லை. மறுபடி சுழற்றல். மூன்று தடவையும் அப்படியே செய்தேன்.

பிறகு குழாயைப் பார்த்தேன். அதற்குள் இருந்தது சீனித் தண்ணீர். அந்தக் கட்டிடத்தில் சீனிப் போத்தல்களை எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் வைப்போம். சீனி பட்ட பிளாஸ்க்கைக் கழுவுவதுதான் எனக்கு மிகப் பெரிய தொல்லை, ஒரு துளி நின்றாலும் பிசுபிசுக்கும். கழுவிய பொருளைச் சீனியோடு மூடி வைப்பதா? நாலாவது முறை சுழற்றி, பஃபரை ஊற்றிவிட்டு, ஐஸில் குளிர்ந்த காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்தேன். சேர் சொல்லாததைச் செய்கிறேன் என்று அப்போது தோன்றவில்லை. சொல்லாமலே தெரிய வேண்டியதைச் செய்ததாகத்தான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஊரடங்கைத் தளர்த்தினார்கள். மிஸ் ஓடி வந்தார். ஐஸிலிருந்து குழாயை எடுத்து, இரண்டு துளியை நஞ்சுக் கரைசலில் விட்டு, நேரம் பார்க்கும் கடிகாரத்தைத் தேடினார். கடிகாரம் கிடைக்குமுன்பே குழாய் மஞ்சளாகிவிட்டது.

"அண்ணை, இஞ்ச வாங்கோ. நான் பாக்கிறதுதான் நீங்களும் பாக்கிறியளோ?"

"மஞ்சளுங்க மிஸ்."

"எந்த மஞ்சள்?"

"நல்ல மஞ்சள். கூட்டாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பூசுற அளவு."

இன்னும் இரண்டு குழாய் செய்தார், அவையும் மஞ்சள். முக்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேல்தண்ணி பாக்கலீங்களா மிஸ்?"

"நாளைக்குச் சேர் வரட்டும், அவரோடயே பாப்பம். இப்ப அளவுகளை எழுதிக்கொண்டு ஓடவேணும்."

போகும் முன் தாழ்வாரத்திலிருந்து கொழும்புக்குத் தம்பியோடு பேசினார். "இல்லையடா, இன்னும் சாமான் கட்டாத. ஆனா அம்மாவுக்குச் சொல்லலாம்." அது எனக்குக் கேட்டது.

மிஸ் போன பிறகு மேசையைத் துப்புரவாக்கினேன். மிச்சக் கலம் இருந்த குழாயை ஐஸில் நிறுத்த எடுத்தபோது சரிந்து பாதி சிந்தியது, ஆனால் தண்ணீராக விழவில்லை. வெண்டிக்காயை வெட்டினால் இழுபடுவது போல ஒரு நூல் வந்தது. அதை நான் முன்பு ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், மிஸ் வேண்டுமென்றே கலங்களை உடைத்த ஒரு நாளில். கலம் உடைந்தால் உள்ளே இருக்கும் இழை வெளியே வந்து இப்படித்தான் இழுபடும் என்று அப்போது சொன்னார்.

குழாயில் இன்னும் பாதி இருந்தது. அதைச் சுழற்றினேன். தெளிந்த மேல்தண்ணீரை எடுத்து, எனக்கு அனுமதியில்லாத நஞ்சுக் கரைசலில் இரண்டு துளி விட்டேன். நல்ல மஞ்சள். கலமே இல்லாத தண்ணீர் அது.

அந்தக் குழாயை அறைக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஒருவருக்கும் தெரியாது. சேர் மறுநாள் வந்து மேல்தண்ணீர் பார்க்கக் கேட்டாலும், கலம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் போதும், அது பொய்யாகவும் இராது. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. என்னை நிரந்தரமாக்கும் கடிதமும் அந்த மாதம் வருவதாக இருந்தது. இவற்றை எல்லாம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

காலையில் மிஸ் முதலில் வந்தார். பேக்ஸைச் சுத்தமாக எழுதி ஓர் உறைக்குள் வைத்திருந்தார். நான் மஞ்சள் குழாயை மேசையில் வைத்தேன்.

"இது என்ன அண்ணை?"

"மேல்தண்ணிங்க மிஸ். நேத்து மிச்சத்துல."

மிஸ் குழாயைத் தொடவில்லை. "எத்தனை தரம் கழுவினீங்கள்?"

"நாலு."

"சேர் மூண்டெல்லோ சொன்னவர்."

"நாலாவது காய்ச்சி வடிச்ச தண்ணில. சீனி ஒட்டியிருக்குமேன்னு."

"சீனி ஒட்டியிருக்கத்தான் வேணும் அண்ணை." "சீனிக்குள்ள இருந்த கலத்தைத் திடீரெண்டு வெறும் தண்ணியில விட்டா, தண்ணி உள்ள பாஞ்சு ஊதி வெடிக்கும்."

"வாழக்கொல வாசலுக்கு வரலீங்க மிஸ். நான் கடைக் கதவ ஒடச்சிட்டேன். ஆளுங்க உள்ள பூந்து எடுத்திருக்காங்க."

"ஓம். அதுதான் நடந்திருக்கு."

பிறகு கேட்டார். சத்தம் போடவில்லை. "இதை ஒரு கிழமை கழிச்சுச் சொல்லியிருக்கலாமே. நான் அனுப்பின பிறகு சொல்லியிருக்கலாமே."

மிஸ் உறையைப் பிரித்துத் தாளை வெளியே எடுத்தார்.

"அப்ப எனக்குத் தெரிஞ்சிருக்காது. இப்ப தெரிஞ்சுபோச்சுது."

"சேருகிட்ட சொல்லாம இருக்கட்டுமா மிஸ்?" என்று கேட்டேன். கேட்டது உண்மை. அதற்காக இன்றும் கூசுகிறேன்.

"நீங்கள் செய்த பிழைக்கு என்னட்டை ஏன் உத்தரவு கேக்கிறியள்?" என்றார்.

ஹனீபா சேர் வந்ததும் மிஸ்தான் சொன்னார், ஒன்றையும் விடாமல். சேர் முழுக்கைச் சேட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டு கேட்டார். குளிர்பெட்டியில் இருந்த சேமிப்பிலிருந்து புதுக்கலம் வளர்க்கச் சொன்னார். அதற்கு மறுநாள் வரை ஆனது. வியாழன் காலை கலங்களை இரண்டு குழாயாகப் பிரித்தார். ஒன்றை மூன்று முறை கழுவு, மற்றதை நாலு முறை கழுவு, அன்று செய்த மாதிரியே செய் என்றார். நான் செய்தேன். அவர் பின்னால் நின்று பார்த்தார். மூன்று முறை கழுவியது தண்ணீராகவே நின்றது. நாலு முறை கழுவியது மஞ்சளானது. அதன் மேல்தண்ணீரும் மஞ்சளானது.

சேர் கொப்பியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

"எழுதுங்க."

"இங்கிலீசு தெரியாதுங்க சேர்."

"தெரிஞ்ச பாஷையில எழுதுங்க. நேரத்தையும் போடுங்க."

எழுதினேன். மூன்று வரி. முழுக்க இங்கிலீசில் இருந்த அந்தக் கொப்பியில் அது ஒன்றுதான் தமிழ்ப் பக்கம். கையெழுத்தும் வைத்தேன்.

"பேக்ஸ என்ன செய்யப் போறீங்க மகள்?" என்று மிஸ்ஸைக் கேட்டார்.

"சேர் அனுப்ப வேண்டாமெண்டு சொன்னா..."

"நான் சொல்ல மாட்டேன். ஒங்கட பேர்ல போற கடுதாசி. கொப்பி இங்க ஈக்கி. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய் பிளாஸ்க்குகளை ஜன்னலுக்கு நேரே பிடிக்கத் தொடங்கினார். மிஸ் முக்காலியை மேசைக்கு இழுத்தார். பிறகு எழுதிவந்த தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் வேறொன்று எழுதினார். நாலு வரிதான், நங்கூரம் இன்னும் வேலை செய்யவில்லை என்று. அதைப் புதுத் தாளில் படியெடுத்து என்னிடம் தந்தார். ஊரடங்கு இடைவெளியில் நகரத்துக்குப் போய், தொலைபேசிக் கடையில் கொடுத்தேன். கடைக்காரி தாளைப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டாள். இவ்வளவுதான் என்றேன்.

ஒன்பது நாளில் பதில் வந்தது. இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மிஸ் கண்டியிலேயே நின்றார். காலையில் டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, பிற்பகலில் சம்பளமில்லாமல் ஆய்வுகூடத்துக்கு வந்தார். நங்கூரத்தின் நீளத்தைக் குறைத்துப் பார்த்தார் என்றும், ஒரு வருடத்துக்குப் பிறகு மூன்று முறை கழுவிய கலத்திலேயே குழாய் மஞ்சளானது, நாற்பது நிமிடம் எடுத்தது, மேல்தண்ணீர் தண்ணீராகவே நின்றது என்றும் ஹனீபா சேர் பிற்பாடு சந்தையில் கண்டபோது சொன்னார். தம்பி அதற்கு முன்பே ஓர் ஏஜென்சிக்காரனை நம்பிப் போய்விட்டார். வழியில் ஏதோ ஒரு நாட்டில் எட்டு மாதம் மறியலில், அதாவது சிறையில், இருந்தார் என்று கேள்வி. மிஸ் போயிருந்தால் அது நடந்திருக்காது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

என் விஷயம் சீக்கிரம் முடிந்தது. கொப்பியில் தமிழ்ப் பக்கத்தைக் கண்ட நிர்வாகத்தார் அதை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அமைய வேலைக்காரன் பக்டீரியாவைத் தொட்டது விதிக்கு மாறு. தொலைபேசியில் செய்யச் சொன்னது தாமே என்று ஹனீபா சேர் எழுதிக் கொடுத்தார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். எனக்கு மூன்று மாதக் கடிதத்தைப் புதுப்பிக்கவில்லை. அநியாயம் என்று சொல்லமாட்டேன். விதி அப்படித்தான் இருந்தது.

கடைசி நாள் பிற்பகல் துணிகளைக் கட்டிக்கொண்டு படியிறங்கியபோது மிஸ் பின்னால் வந்தார். ஒட்டிய உறை ஒன்றைத் தந்தார். உறையின் மேல் நகரத்தில் ஒரு விலாசம் எழுதியிருந்தது.

"நாளைக்குக் காலமை எட்டு மணிக்கு முதல் போங்கோ. பிந்தினா அவர் ஒருத்தரோடயும் கதைக்க மாட்டார்."

"இதுல என்னங்க மிஸ் இருக்கு?"

"உங்களைப் பற்றி."

"நல்லதாங்க?"

"நடந்தது" என்றார்.

அன்றிரவு கட்டுகஸ்தோட்டையில் ஒரு கூட்டாளியின் வீட்டில் படுத்தேன். காலையில் ஏழரைக்கே அந்த விலாசத்தில் நின்றேன். மருந்துக் கடையொன்றின் மேல்மாடி. இரத்தம் பரிசோதிக்கும் இடம். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் நடத்தினார். வெள்ளைத் தலை, தடித்த கண்ணாடி. கடிதத்தை இரண்டு முறை படித்தார். என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"இதை எழுதினவ, உம்மாலதானே வெளிநாடு போகாமல் நிண்டவ?"

"ஆமாங்க."

"உம்மை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறா."

டொக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடுத்ததைக் கேட்டார்.

"இரத்தக் கலத்தைக் காய்ச்சி வடிச்ச தண்ணியில கழுவினா என்ன நடக்கும்?"

"ரத்தம் நான் தொட்டதில்லைங்க. ஆனா வெடிக்கும்னு நெனக்கிறேன்."

"வெடிச்சா?"

"தண்ணி செவக்கும். எண்ணுறதுக்கு ஒன்னும் மிஞ்சாது."

அவர் கடிதத்தை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார். எனக்குத் திருப்பித் தரவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய ஏப்ரனைக் காட்டினார். பின்னால் தொட்டியில் முதல் நாள் குழாய்கள் அடியில் இரத்தம் உறைந்து கிடந்தன.

"அதுகளைக் கழுவிப்போட்டு வாரும். பத்து மணிக்கு இரத்தம் கழுவுறதைக் காட்டுறன்."

ஏப்ரனைக் கட்டிக்கொண்டேன். அலுமாரியின் மேல்தட்டில் ஒரே மாதிரியான இரண்டு பெரிய போத்தல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் தண்ணீர் போலத் தெளிந்த திரவம்.

"டொக்டர், இதுல உப்புத் தண்ணி எது, வெறும் தண்ணி எது?"

இடப்பக்கம் உப்பு என்றார். ஒரு துண்டுப் பிளாஸ்டர் கேட்டு வாங்கி, அதில் தமிழில் உப்பு என்று எழுதி இடப்பக்கப் போத்தலில் ஒட்டிவிட்டு, தொட்டியடிக்குப் போனேன்.